கதவைச் சாத்திக்கொண்ட கிராமம்

பழைய ஐரோப்பாவில், பிளேக் நோய்க்கு வைத்தியர்கள் சொன்ன மருந்து மூன்றே வார்த்தைகள்தான். சீக்கிரம், தூரம், தாமதம்! அதாவது, சீக்கிரம் கிளம்பு... முடிந்த அளவு தூரம் போ... எவ்வளவு தாமதமாகத் திரும்ப முடியுமோ அவ்வளவு தாமதமாகத் திரும்பு! நோயாளியின் ரத்தத்தை வடியவிடுவது போன்ற அந்தக் கால வைத்தியங்களோடு ஒப்பிட்டால், இந்த ஒரு யோசனைதான் கொஞ்சமாவது உருப்படியானது!

1665-ல் லண்டனில் பிளேக் புகுந்தபோது, எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மன்னர் இரண்டாம் சார்லஸ் பரிவாரத்தோடு கிளம்பி ஸாலிஸ்பரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு என்று போய்ச் சேர்ந்தார். வக்கீல்கள், வியாபாரிகள், டாக்டர்கள், ஏன்... பாதிரியார்களிலேயே பல பேர் மூட்டை கட்டினார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். நோய் வந்த வீட்டை வெளியிலிருந்து பூட்டி, கதவில் சிவப்பாக ஒரு சிலுவை வரைந்து, வாசலில் காவலாளியை நிறுத்துவது அன்றைய சட்டம். நாற்பது நாள்! உள்ளே ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து அடைபட வேண்டியதுதான். சுமார் ஒரு லட்சம் பேர் செத்துப் போனார்கள்.

அதே பிளேக், லண்டனுக்கு வடக்கே சுமார் 250 கிலோ மீட்டர் தள்ளி, டார்பிஷயர் மலைப் பகுதியில் ஒரு சின்ன கிராமத்துக்கும் போனது. அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. ஆனால், பூட்டு இல்லை... காவலாளி இல்லை. உள்ளேயிருந்து அவர்களே சாத்திக்கொண்ட கதவு அது!

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் அந்த ஊரின் பெயர் 'ஈயம்'. ஊர்க்காரர்களின் உச்சரிப்பில் 'ஈம்'. (வேடிக்கை என்னவென்றால், அந்த வட்டாரத்து ஆண்கள் பலருக்குப் பிழைப்பே சுரங்கத்தில் ஈயம் தோண்டுவதுதான்! 'ஈம்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இன்னொரு வார்த்தை... அதுவும் அந்த ஊருக்குப் பொருந்திப் போனது பெரிய சோகம்.)

1665, ஆகஸ்ட் கடைசி வாக்கில், அந்த ஊர் தையல்காரர் அலெக்ஸாண்டர் ஹாட்ஃபீல்டுக்கு லண்டனிலிருந்து துணி வந்து இறங்கியது. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் பிரித்துப் பார்த்தார். துணியெல்லாம் ஈரம். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயப்போட்டார். துணியோடு வந்திருந்த தெள்ளுப்பூச்சிகளுக்குச் சூடு கிடைத்தது, பக்கத்திலேயே மனித உடம்பும் கிடைத்தது. செப்டம்பர் 7-ம் தேதி விக்கர்ஸைப் புதைத்தார்கள். அடுத்து, அதே வீட்டில் இருந்த சின்னப் பையன்கள் இரண்டு பேர். அப்புறம் பக்கத்து வீடு... எதிர் வீடு...

தெள்ளுப்பூச்சிதான் வில்லன் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் 233 வருஷம் போக வேண்டியிருந்தது. (1898-ல் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் அதைக் கண்டுபிடித்தது, அன்றைய இந்தியாவில் இருந்த கராச்சியில்!)

குளிர்காலத்தில் சாவு குறைந்தது. ஆளாளுக்கு 'அப்பாடா!' என்றார்கள். 1666 வசந்தம் தாண்டி வெயில் ஏறியதும் நோய் மறுபடி தலையெடுத்தது. ஜூன் மாதம் நிலைமை கைமீறியது. வசதியான குடும்பங்கள் சில ஏற்கெனவே ஊரைக் காலி செய்துவிட்டன. மிச்சமிருந்தவர்களும் கிளம்பத் தயாரானார்கள். சுமார் இருபது கிலோ மீட்டரில் ஷெஃபீல்டு. சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் சின்னச் சின்ன ஊர்கள். இவர்கள் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் இரண்டு பாதிரியார்கள் வருகிறார்கள். ஒருவர் வில்லியம் மாம்பெஸன். வயது முப்பதுகூட ஆகவில்லை. கேம்பிரிட்ஜ் படிப்பு. ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊருக்கு அவரைப் பிடிக்காது. காரணம், அவருக்கு முன்னால் அந்த சர்ச்சில் இருந்த தாமஸ் ஸ்டேன்லி. ஸ்டேன்லி, ப்யூரிட்டன் என்கிற கறார் பேர்வழிகளின் கட்சி. மன்னராட்சி திரும்பி வந்ததும், அரசாங்கம் அங்கீகரித்த ஜெபப் புத்தகத்தை ஏற்காத பாதிரியார்களையெல்லாம் வெளியேற்றினார்கள். ஸ்டேன்லியும் வேலையிழந்தார். ஆனாலும் ஊரிலேயே இருந்தார். ஜனங்கள் மனசில் அவர்தான் இன்னும் பாதிரியார்!

ஆக, ஒருவருக்குப் பதவி இருந்தது, செல்வாக்கு இல்லை. இன்னொருவருக்குச் செல்வாக்கு இருந்தது, பதவி இல்லை. இரண்டு பேரும் மத விஷயத்தில் எதிரெதிர் முகாம். உள்நாட்டுப் போரே நடந்து முடிந்திருந்த தேசத்தில், இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசியதே பெரிய விஷயம். என்னைக் கேட்டால், அந்தக் கிராமத்தில் நடந்த முதல் தியாகமே அதுதான்!

இருவரும் சேர்ந்து ஊரைக் கூட்டினார்கள். 'யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நோய் தானாக அடங்குகிறவரை இங்கேயே இருப்போம். சாவதென்றால் இங்கேயே சாவோம்' என்பதுதான் சாராம்சம். மாம்பெஸன் வீராவேசமாகப் பேசியதாகப் பிற்காலத்தில் பல பேர் வசனம் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அதையெல்லாம் விடுங்கள். பேச்சு எப்படி இருந்தாலும், அதற்கு ஆதாரம் எது என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சிலுவைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் சீடர்களிடம் இயேசு விட்டுச் சென்ற கட்டளை. நான் உங்களை நேசித்த மாதிரி நீங்கள் ஒருவரை ஒருவர் நேசியுங்கள் என்ற கட்டளை. ஞாயிறுதோறும் கேட்டுப் பழகிய விஷயம்தான்... கேட்கச் சுலபம். மறுநாள் அவர் உயிரையே கொடுத்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும்.

கொள்ளை நோய்க் காலத்தில் இந்தக் கட்டளையைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் கொள்ளை நோய் பரவியபோது, அங்கிருந்த பிஷப் டயோனிஸியஸ் எழுதிய கடிதம் இருக்கிறது. ஊரே நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு ஓட, கிறிஸ்தவர்கள் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்து, நோய் தொற்றித் தாங்களும் இறந்து போனதை அதில் சொல்கிறார். 1527-ல் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தபோது மார்ட்டின் லூதர் ஊரைவிட்டுப் போக மறுத்தார். 1576-ல் மிலான் நகரத்தில் கார்டினல் சார்லஸ் பொரோமியோ நோயாளிகள் நடுவே போய் நின்றார். எல்லாமே 'கிட்டே போ' என்கிற ரகம். கையைப் பிடித்துக்கொள்... தண்ணீர் கொடு... கண்ணை மூடிவிடு...

ஈம் கிராமத்தில் அதே கட்டளை தலைகீழாகிவிட்டது. இங்கே அன்பு என்றால் கிட்டே போகாமல் இருப்பது! யாருக்காக? முகம் தெரியாத ஷெஃபீல்டுக்காரனுக்காக... சந்தையில் எப்போதோ பேரம் பேசிச் சண்டை போட்ட அடுத்த ஊர்க்காரிக்காக. காப்பாற்றப்பட்டவர்களுக்குத் தாங்கள் காப்பாற்றப்பட்டதுகூடத் தெரியாது. நன்றி சொல்ல ஆள் வராது. நோயாளிக்குப் பணிவிடை செய்கிறவருக்குக் கிடைக்கும் சின்ன ஆறுதல்கூட இதில் கிடையாது.

ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. சர்ச்சைப் பூட்டினார்கள். 'கக்லெட்' என்ற பள்ளத்தாக்கில், வெட்டவெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஞாயிறு ஆராதனை. கல்லறைத் தோட்டத்துக்குப் பிணத்தைக் கொண்டுவரக் கூடாது. அவரவர் வீட்டுச் சாவை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவனுக்கு சர்ச் வளாகத்தில் இடம் இல்லை என்றால், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வேதனை!

சாப்பாடு? டெவன்ஷயர் பிரபு உணவும் மற்ற சாமான்களும் அனுப்பி உதவினார். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லின் மேல் சாமான்களை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கல்லில் குழிகள். அதில் வினிகர் ஊற்றி, காசை அதற்குள் போட்டு வைப்பார்கள் ஈம் ஜனங்கள். காசிலிருந்து நோய் ஒட்டிவிடக் கூடாது என்ற அக்கறை! அந்தக் கல் இன்னமும் அங்கே இருக்கிறது.

ஆகஸ்ட் மாதம்தான் மகா கொடுமை. எழுபதுக்கு மேல் சாவு. ரைலி என்ற பண்ணையில் வசித்த எலிஸபெத் ஹான்காக் என்ற பெண்மணி, ஆகஸ்ட் 3-க்கும் 10-க்கும் நடுவில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். எட்டே நாளில் ஏழு பேர்! குழி தோண்டி, பிணத்தைத் துணியில் கட்டி இழுத்துப் போய்ப் புதைத்தது எல்லாம் அந்த அம்மாள் ஒருவரேதான். உதவிக்கு யாரும் வரக் கூடாது, வந்தால் நோய். எதிர்க் குன்றிலிருந்து அடுத்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். புல்வெளி நடுவே ஒரு வட்டச் சுவருக்குள் அந்தக் கல்லறைக் கற்கள் நிற்கின்றன.

எல்லோருமே மகாத்மாக்கள் இல்லை. மார்ஷல் ஹோவ் என்று ஒருவர். நோய் வந்து பிழைத்தவர். இனி தனக்கு வராது என்ற தைரியத்தில் மற்றவர்கள் வீட்டுப் பிணங்களைப் புதைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கூலி, செத்தவர் வீட்டில் கைக்கு அகப்பட்ட சாமான்கள்! கடைசியில் அவருடைய மனைவியையும் மகனையும் நோய் கொண்டுபோனது. ஒரு பெண், தாங்க முடியாமல் எல்லை தாண்டி டைட்ஸ்வெல் சந்தைக்குப் போய்விட, அடையாளம் தெரிந்ததும் ஜனங்கள் மண்ணை வாரி எறிந்து துரத்தியதாக ஒரு கதை உண்டு. யாரைக் காப்பாற்ற அடைந்து கிடந்தார்களோ, அவர்களே!

மாம்பெஸன் விஷயத்திலும் ஒரு நெருடல். ஊரை அடைப்பதற்கு முன்பே, தன் இரண்டு குழந்தைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். 'தன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு உபதேசமா?' என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. மனைவி கேத்தரினையும் போகத்தான் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். கணவரோடு சேர்ந்து நோயாளி வீடுகளுக்குப் போய்வந்தார். ஆகஸ்ட் 25-ம் தேதி இறந்தார். வயது 27. அவருடைய கல்லறை மட்டும் சர்ச் வளாகத்திலேயே இருக்கிறது. (விதி எல்லோருக்கும்தானே என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால், அந்த நேரத்தில் யாருக்கும் கேட்க மனசு வந்திருக்காது.) தாய் இறந்துவிட்டாள் என்று குழந்தைகளுக்கு மாம்பெஸன் கடிதம் எழுதினார். தானும் சாகப்போகிறோம் என்றுதான் நினைத்தார். கடைசிவரை அவரைப் பிளேக் தொடவில்லை. அது அவருக்கு வரமா, தண்டனையா?

நவம்பர் 1-ம் தேதி கடைசிச் சாவு. அந்த மாதமே எழுதிய இன்னொரு கடிதத்தில், 76 குடும்பங்களில் 259 பேர் இறந்ததாகக் கணக்குக் கொடுக்கிறார் மாம்பெஸன். மொத்த ஜனத்தொகை 350 என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் 700 வரை இருக்கலாம் என்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், மூன்றில் ஒருவருக்கு மேல்! சுற்றியுள்ள ஊர்களுக்கு அங்கிருந்து நோய் பரவவில்லை.

'இதெல்லாம் பிற்காலத்தில் ஊதிப் பெரிதாக்கிய கதை' என்று சொல்கிற சரித்திர ஆசிரியர்களும் உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில்தான் இந்தக் கதைக்கு இவ்வளவு ஜோடனை ஏறியது என்பதும் உண்மை. 'அவர்களாக இருந்தார்களா, இல்லை, வெளியே விடாததால் இருந்தார்களா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால், சுற்றிலும் மலையும் பொட்டல் வெளியும். மதில் கிடையாது, படை கிடையாது. ராத்திரியில் நழுவ வேண்டும் என்று நினைத்தால் நூறு வழி. ஐந்து மாதம், பெரும்பாலானவர்கள் நழுவவில்லை என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. 2016-ல் இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஊர்ப் பதிவேடுகளைக் கணித முறையில் அலசினார்கள். முக்கால்வாசித் தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கே, அதிலும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்ளேயே பரவியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதாவது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாலேயே செத்தார்கள்! ஊருக்கு வெளியே இருந்தவர்களிடம் விலகி நின்று காட்டிய அன்பு ஒரு பக்கம். வீட்டுக்குள் விலக முடியாமல் காட்டிய அன்பு மறுபக்கம்.

நோய் ஓய்ந்த பிறகு, ஸ்டேன்லியை ஊரைவிட்டே விரட்ட வேண்டும் என்று சிலர் டெவன்ஷயர் பிரபுவிடம் மனுப் போட்டார்கள். அவர் தப்பான கட்சி ஆயிற்றே! பக்கத்து ஊர்களுக்கு நோய் போகாமல் தடுத்த மனிதருக்கு இந்த மாகாணமே நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்று சொல்லி பிரபு மறுத்துவிட்டார். 1670-ல் ஈம் கிராமத்திலேயே ஸ்டேன்லி இறந்தார்.

மாம்பெஸனுக்கு நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. நோய் முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும், 'பிளேக் ஊர் பாதிரியார்' என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஊருக்குள் வரக் கூடாது என்று ஜனங்கள் தடுத்துவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. பக்கத்தில் ரஃபர்டு தோப்பில் ஒரு குடிசையில் தங்கிக்கொண்டார். அவர்களுக்குப் பயம் தெளிகிறவரை, ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்தார்.