வேங்கிக்காலில் மனை வாங்கப் போறீங்களா?

மலை பார்த்த மாதிரி வீடு வேணும்னு கேக்குற நண்பர்கள் கடைசியில வந்து நிக்கிற இடம் வேங்கிக்கால். அவங்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம்.

1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது வேலூர் ரோட்டில், இதே வேங்கிக்காலில். ஆபீஸ் வந்தா ஊழியர்கள் வருவாங்க, டீக்கடை வரும், பின்னாடியே மனை புரோக்கரும் வருவார். வயல்கள் 'நகர்'கள் ஆச்சு.

ஆனா ஊர்ப் பெயரைக் கவனிங்க. 'கால்' என்ற சொல்லுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு. 2,668 அடி மலையில் பெய்யுற மழை கீழே இறங்கித்தானே ஆகணும்? அதைத் தேக்கத்தான் சுத்திலும் ஏரிகள். வேங்கிக்கால் ஏரியும் அதில் ஒண்ணு.

சரி, பள்ளம் வேணாம், மலைச்சரிவுல மேடா வாங்கிடலாம்னு தோணுதா? 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. மலையடிவார வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீட்டோடு புதைந்து இறந்தவர்கள் 7 பேர். அதில் 5 பேர் குழந்தைகள்.

பத்திரத்துக்கு வில்லங்கம் பார்க்கிறோம். தண்ணி வர்ற வழிக்கும் பார்க்கணும் இல்லையா? புலப்படத்தில் ஓடை, வாய்க்கால் இருக்கான்னு பாருங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஒருதரம் மனையை நேர்ல போய்ப் பாருங்க. அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. மலை எங்கேயும் போயிடாது!