ஊசிக்காதும் ஒட்டகமும்

பணக்காரன் கடவுளோட ராஜ்யத்துக்குள்ள போறதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது சுலபம் என்று இயேசு சொன்னதாக மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேருமே எழுதியிருக்கிறார்கள். பைபிளை வாசிக்காதவர்களுக்கும் தெரிந்த வசனம். ஆனால் இதுக்கு விளக்கம் கேட்டால், பத்துக்கு எட்டு பேர் ஒரு வாசல் கதை சொல்வார்கள்.

ஜெருசலேம் மதிலில் 'ஊசிக்காது' என்று ஒரு குட்டி வாசல் இருந்ததாம். சுமையை இறக்கி வைத்துவிட்டு, முட்டி போட்டால் ஒட்டகம் உள்ளே போய்விடுமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இயேசு காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து, இடைக்காலத்தில் கிளம்பிய விளக்கம் இது.

இன்னொரு கட்சியும் உண்டு. கிரேக்கத்தில் 'கமேலோஸ்' என்றால் ஒட்டகம், 'கமிலோஸ்' என்றால் கப்பல் வடம். எழுதினவர் கை தவறிவிட்டது, அது வடம்தான் என்பது இவர்கள் வாதம். 5-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் சிரில் இதை வடம் என்றுதான் புரிந்துகொண்டார். ஆனால் பழைய பிரதிகளில் இருப்பது ஒட்டகம். சரி, வடம்னே வச்சுக்குவோம். எங்க ஆரணியில் ஒத்தப் பட்டு இழையை விழுதுக் கண்ணில் கோர்க்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வடம் நுழைஞ்சா என்ன, ஒட்டகம் நுழைஞ்சா என்ன?

பாபிலோனிய யூதர்களின் தல்மூதில் இதே உவமையில் யானை வருகிறது. குர்ஆனிலும் (7:40) ஊசிக்காதில் ஒட்டகம் வருகிறது. ஆக, நடக்கவே நடக்காததைச் சொல்ல அந்தப் பக்கத்து மக்கள் பேசிய பேச்சு இது. சீடர்களுக்கும் அப்படித்தான் புரிந்தது. அதனால்தான் 'அப்போ யாருதான் தப்பிக்க முடியும்?' என்று ஆடிப்போனார்கள். முட்டி போட்டால் போதும் என்றால் எதுக்கு ஆடிப்போகணும்? இயேசுவும் 'மனுஷனால் முடியாது, கடவுளால் முடியும்' என்றுதான் பதில் சொல்கிறார்.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1714-15-ல். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு ஆரணியும் ஒரு மையம். அந்த வசனத்தைக் கேட்ட தமிழனுக்கு ஊசி ஏற்கெனவே பழக்கம், பட்டினத்தார் புண்ணியத்தில். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர் அவர். வளர்ப்பு மகன் விட்டுப்போன பெட்டியில் ஒரு காதறுந்த ஊசியும் ஓலையும் இருந்தன. கடைசியில் அந்த ஊசிகூட உன்னோடு வராது என்ற சேதி. அத்தனை சொத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பினார் என்பது கதை. இயேசுவிடம் வந்த பணக்கார வாலிபனோ, விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் முகம் வாடித் திரும்பிவிட்டான்.

இரண்டு இடத்திலும் ஊசி ஊசிதான். அதை வாசலாக்கினால் யாருக்கு வசதி? முதலாளியும் கூலிக்கு நெய்கிறவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்கிற ஊர் எங்களுடையது. முட்டி போட்டால் போதும் என்ற விளக்கத்தால் முதலாளிக்கு நிம்மதி. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அதில் என்ன கிடைக்கிறது?

உங்க ஊர்ல இதுக்கு என்ன விளக்கம் சொல்றாங்க?