திருக்குர்ஆனும் தமிழ் உரைநெறியும்

மூலநூல் ஒன்று, அதற்கு எழும் உரைகளோ பல. திருக்குறளுக்குப் பதின்மர் உரை வகுத்ததை அறிந்த தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. திருக்குர்ஆனுக்குத் தமிழில் பொருள் கண்ட வரலாறும் உரைநெறி பற்றிய சிறந்த பாடமொன்றை நமக்குத் தருகின்றது.

தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலம் அரபுத்தமிழைக் கையாண்டனர். நம் நாட்டு ஜாவியைப் போல, மொழி தம்முடையது; எழுத்து அரபு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பேருவளை ஷெய்கு முஸ்தபா போன்ற பெரியோர் எழுதிய திருமறை விரிவுரைகள் அவ்வெழுத்திலேயே அமைந்தன. தமிழெழுத்து மட்டுமே அறிந்தோர்க்கு அவை எட்டாக்கனியாயின.

இந்நிலையை மாற்றிய முன்னோடி ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி ஆவார். அவர்தம் தமிழாக்கத்தின் முதற்பகுதி 1929இலும் முழுநூல் 1949இலும் வெளிவந்தன. 'தாருல் இஸ்லாம்' இதழாசிரியர் பா. தாவூத்ஷாவும் பொருளும் விரிவுரையும் எழுதினார். திருமறையின் பொருள் தமிழ் கற்ற எவர்க்கும் உரியதாயிற்று.

பாகவியார் கையாண்ட அடைப்புக்குறி ஈண்டுக் கருதத்தக்கது. 'கூறுவீராக' என்னும் ஏவல் மூலத்தில் தனித்து வரும் இடங்களில், 'நபியே' என்னும் விளியை அடைப்புக்குள் அமைத்தார். நம் உரையாசிரியர் சொல் வருவித்து உரைத்ததும் இத்தகையதே. மூலம் எது, உரைகாரர் சேர்த்தது எது என்பதைப் படிப்போர் பிரித்தறிய அக்குறி துணைநின்றது. ஆயினும், வாய்விட்டுப் படிக்கும்போது குறி செவிக்குப் புலனாவதில்லை. மனிதர் தந்த விளக்கமும் மறைமொழியாகவே கேட்போர் உள்ளத்தில் பதிந்துவிடும்.

இக்கால ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மேலும் வலியுறுத்துவர். பஸ்லுர் ரஹ்மான் 1982இல் வெளியிட்ட நூலில் இருவழிப் பயணம் ஒன்றைக் கூறினார். முதலில், வசனம் அருளப்பட்ட காலச்சூழலுக்குச் சென்று அதன் பொதுநெறியை உணரவேண்டும். பின்னர், அந்நெறியை நம் காலத்திற்குப் பொருத்தவேண்டும் என்றார். வசனத்தின் சொல்லையே நேரே பின்பற்றுதல் போதும் என்போர் இதனை ஏற்பதில்லை. எனினும், இருசாராரும் மூலத்தையும் உரையையும் ஒன்றாக எண்ணுவதில்லை.

பல சமயத்தார் ஒருங்கு வாழும் மலேசியாவில் இப்பயிற்சி இன்றியமையாதது. பிறர் மறையைப் பற்றிப் பேசுமுன், நாம் படித்தது மூலமா உரையா என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவை மாணவர்க்குக் கற்பித்தல் மொழியாசிரியர் கடன். அது சமய நல்லிணக்கத்திற்கும் வித்தாகும்.