மலையகத்துப் பொண்ணுங்களும் நல்லெண்ணெயும்

மீஞ்சூர்ல வீட்டுக்கு வீடு ஒரு நீல டிரம் நிக்கும். நிலத்தடி நீர்ல கடல் தண்ணி ஏறி பல வருஷம் ஆச்சு, அதனால லாரித் தண்ணியைப் பிடிச்சு வைக்க எல்லாருக்கும் டிரம் வேணும். அதுல நிறைய டிரம் செகண்ட்ஹேண்ட். முன்னாடி உள்ள என்ன இருந்துச்சுன்னு வாங்கும்போது யாரும் கேக்கறதில்ல. இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான். ஆனா கதை நடந்தது இலங்கைல.

1977, 78-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள்ல ஒரு வினோதமான நோய் வந்துச்சு. அங்க இருந்தவங்க நம்ம ஊர்லேர்ந்து 19-ஆம் நூற்றாண்டுல காப்பிக்கும், அப்புறம் தேயிலைக்கும் கூட்டிட்டுப் போகப்பட்டவங்களோட வம்சம். அவங்க பிள்ளைகள்ல இருபதுக்கும் மேற்பட்டவங்களுக்குக் கை கால் நரம்பு திடீர்னு கெட்டுப்போச்சு. பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் பருவ வயசுப் பொண்ணுங்க. ஒரே லயத்துல, ஒரே தண்ணியைக் குடிச்சு வாழ்ற அண்ணன் தம்பிகளுக்கு ஒண்ணும் ஆகல.

தொத்து நோய்னா ஆம்பளப் பிள்ளைகளை விட்டு வைக்காது. தண்ணில விஷம்னா கிழவங்களும் விழுந்திருக்கணும். அப்போ இந்தப் பொண்ணுங்க மட்டும் செய்ற, இல்ல சாப்பிடுற ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு நம்ம வீட்டுப் பாட்டியைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன கொடுப்போம்? உளுந்தங்களி, முட்டை, நல்லெண்ணெய். இடுப்பு எலும்பு பலப்படணும்னு எண்ணெயைத் தனியாவே குடிக்கச் சொல்ற வீடுகள் இப்பவும் இருக்கு. மலையகத்துலயும் அதே வழக்கம். வீட்டுல இருக்கறதுலயே சத்தான, காசு கூடுன பொருள் அது. அதை அவளுக்குன்னே வாங்கிக் கொடுத்தாங்க.

அந்த எண்ணெய்ல டிரை கிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. இது இயந்திர எண்ணெய்லயும் பிளாஸ்டிக் தயாரிப்புலயும் சேர்க்கற ரசாயனம். நாக்குக்கும் மூக்குக்கும் பெருசா பிடிபடாது. நிமல் சேனாநாயக்க, ஜே. ஜெயரத்னம்னு ரெண்டு மருத்துவர்கள் இதை ஆராய்ஞ்சு 1981-ல் லான்செட் இதழ்ல எழுதினாங்க. யாரோ வேணும்னே விஷம் வச்சதா அவங்க சொல்லல. முன்னாடி இயந்திர எண்ணெய் வச்சிருந்த கலன்ல சமையல் எண்ணெயை ஏத்திட்டு வந்தப்போ கலந்திருக்கலாம்கறதுதான் அவங்க முடிவு. சரியா கழுவாத ஒரு டிரம், அவ்வளவுதான். அதுக்காக அந்த அம்மாக்களை மூடநம்பிக்கைக்காரங்கன்னு சொல்ற ஆளோட எனக்கு உடன்பாடு இல்ல. அவங்க கொடுத்தது நல்ல சாப்பாடு. கெடுத்தது கலன்.

இந்த விஷம் வேலை செய்ற விதம் ரொம்ப மோசமானது. உடனே காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டு ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் கழிச்சுத்தான் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி மதமதப்பு வரும். அப்புறம் பாதம் தொங்கிப்போய், நடந்தா முன்கால் தரையில இழுபடும். அதுக்குள்ள அன்னைக்கு என்ன சாப்பிட்டோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஏன் கால்ல ஆரம்பிக்குது? கால் விரலுக்குப் போற நரம்பிழையோட செல் முதுகுத்தண்டு பக்கம் உக்காந்திருக்கு. அங்கேர்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அதுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் செல்லுலேர்ந்துதான் போகணும். சப்ளை கெட்டா முதல்ல காயறது கடைமடை. வாய்க்கால் பாசனம் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல. விஷம் மட்டும் இல்ல, சர்க்கரை நோய், பி12 குறைவு எல்லாமே பெரும்பாலும் ரெண்டு பாதத்துலயும் ஒண்ணா ஆரம்பிச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். நரம்பு திரும்ப வளரும், ஆனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல. முதுகுத்தண்டுக்குள்ள ஆன சேதம் அப்படிக்கூட ஆறாது.

இதே ரசாயனம் வேற ஊர்கள்லயும் புகுந்து விளையாடியிருக்கு. 1930-ல் அமெரிக்காவுல மதுவிலக்கு நேரத்துல, போதைக்காகக் குடிச்ச இஞ்சிச் சாறு மருந்துல இதைக் கலந்து ஆயிரக்கணக்கான பேர் நடை இழந்தாங்க. 1959-ல் மொராக்கோவின் மெக்னஸ் நகரத்துல, விமான இன்ஜினுக்கான எண்ணெயைச் சமையல் எண்ணெய்ல கலந்து வித்து சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டாங்க. 1988-ல் கல்கத்தாவின் பெஹாலா, இந்த முறையும் சமையல் எண்ணெய். அங்கெல்லாம் லாப வெறி. மலையகத்துல அலட்சியம். நரம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சரி, நமக்கு எப்போ டாக்டர்? சம்மணம் போட்டு உக்காந்து கால் மரத்து, உதறினா அஞ்சு நிமிஷத்துல சரியாப்போச்சுன்னா விட்டுடுங்க. வைப்ரேஷன் மெஷின்ல ஷிப்ட் முடிச்சு ராத்திரி கட்டை விரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்து தூக்கம் கலையுதா, வாரக்கணக்கா தொடருதா, போய்க் காட்டுங்க. செருப்பு நழுவினது தெரியல, சூடான டம்ளர் சுட்டது தெரியலன்னா தள்ளிப்போடாதீங்க. வெளிறின ஒரு தேமல், அதைத் தொட்டா உணர்ச்சி இல்லன்னா அது தொழுநோயா இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து இலவசம், முழுசா குணமாகும்.

காத்திருக்கவே கூடாதது சிலது உண்டு. ஒரு பக்கம் கை கால் திடீர்னு மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினா 108. மதமதப்பு பாதத்துலேர்ந்து ஓரிரு நாள்ல மேல ஏறி, படி ஏற முடியாம, மூச்சு வாங்கினாலும் 108. முதுகுவலியோட உக்கார்ற இடம் மரத்து, மூத்திரம் போறது தெரியலன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டர்கிட்ட போனா ரெண்டு விஷயம் நீங்களாவே சொல்லணும், ஏன்னா அவசரத்துல அவங்க கேக்காம விடலாம். ஒண்ணு, என்ன வேலை. இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி 1700-ல் எழுதின புத்தகத்துலயே நோயாளிகிட்ட தொழில் என்னன்னு கேளுங்கன்னு சொல்லிட்டார். கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைன்னு மட்டும் சொல்லாதீங்க. பசை ஒட்டறதா, பழைய பேட்டரி உடைக்கறதா, டிரம் கழுவறதான்னு சொல்லுங்க. சில பசைல இருக்கற ஹெக்சேனும், பேட்டரில இருக்கற ஈயமும் நரம்பைத் தாக்கும். கூட வேலை செய்றவங்க யாருக்காவது இதே மாதிரி இருக்கான்னும் விசாரிச்சுட்டுப் போங்க. ரெண்டாவது, போன ஒரு மாசத்துல புதுசா என்ன சாப்பிட்டீங்க, எந்தக் கடை லூஸ் எண்ணெய், எந்தச் சூரணம். நேத்து சாப்பிட்டது போதாது, மூணு வாரம் பின்னாடி போகணும்.