வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு



நம் வீடுகளில் பிஸ்கட் டின் இல்லாத வீடு அரிது. அதன்மேல் பளபளக்கும் வண்ணப் பூச்சை எப்படி உலர்த்துகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

முன்பெல்லாம் பூச்சை ஒரு கரைப்பானில் கரைத்துத் தகரத்தில் பூசி, நீண்ட அடுப்புக்குள் செலுத்துவார்கள். கரைப்பான் ஆவியாகிப் பறக்கும். அந்த ஆவி தொழிலாளரின் மூச்சுக்குக் கேடு. அடுப்புக்கோ எரிபொருள் ஏராளம் வேண்டும். அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. அடுப்பில்லாமல் உலர்த்த வழி தேடினார்கள்.

எப்பாக்சி என்னும் பிசின் உலோகத்தில் நன்றாகப் பற்றும். இறுகும்போது அதிகம் சுருங்காது. வலிய அமிலம் சேர்ந்தால் அதன் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகும். ஆனால் முன்கூட்டியே அமிலத்தைக் கலந்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். ரப்பர் பால் உறைவது வேறு வகை மாற்றம். என்றாலும், அமிலத்தை உரிய நேரத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். அந்த அமிலத்தை வேளை வரும்வரை உறங்க வைப்பது எப்படி?

அமெரிக்கன் கேன் நிறுவனத்தின் ஷ்லெசிங்கர் 1970களின் தொடக்கத்தில் டயசோனியம் உப்புகளைக் கையாண்டார். புற ஊதா ஒளி பட்டதும் அவை உடைந்து, பிசினை இறுக்கும் பொருளை வெளியிட்டன. ஆனால் கலவை இருட்டில் வைத்தாலும் தானே கெட்டியானது. வெளிவந்த நைட்ரஜன் வாயு பூச்சில் குமிழிகளை உண்டாக்கியது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் கிரிவெல்லோவும் அவருடைய துணைவர்களும் அயோடோனியம், சல்ஃபோனியம் உப்புகளைப் பற்றி 1970களின் பிற்பகுதியில் எழுதினார்கள். 3எம் நிறுவனத்தாரும் அக்காலத்தில் இத்துறையில் உழைத்தார்கள். இவ்வுப்புகள் இருட்டில் நெடுநாள் அமைதியாக இருக்கும். ஒளி பட்டதும் வலிய அமிலத்தைத் தரும். காற்றிலுள்ள பிராணவாயு இந்த வேலையைத் தடுப்பதில்லை. விளக்கை அணைத்த பின்னும் அமிலம் உள்ளே இருப்பதால், இறுகுதல் தொடரும்.

தகரப் பூச்சு, அச்சு மை, பசை, ஒட்டுத்தாளின் அடித்தாளில் பூசும் சிலிக்கோன் என இதன் பயன் பரவியது. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் இட்டோ, வில்சன், ஃப்ரெஷே ஆகியோர் கணினிச் சில்லுகளில் நுண்கோடுகள் வரைய இவ்வுப்புகளைப் பயன்படுத்தினார்கள். அங்கே அமிலம் கோப்பதில்லை. பிசினின் ஒரு பகுதியை வெட்டி, அதைக் கரையக்கூடியதாக மாற்றுகிறது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இவ்வுப்புகளில் சில உடையும்போது சிறிதளவு பென்சீன் உண்டாகிறது; பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. அதனால் வேதியியலார் அமைப்பு மாற்றிய உப்புகளை உருவாக்கினார்கள். புற ஊதா விளக்கும் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது. மறைப்பும் கண்ணாடியும் வேண்டும்.

கரைப்பான் ஆவி குறைந்தது நன்மையே. ஆனால் புதிய பொருள் எதுவும் தன்னோடு புதிய கேள்வியையும் கொண்டுவரும். ஆலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், கையிலுள்ள பொருள் என்ன, அது என்னவாக மாறுகிறது என்று கேட்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, உடல் நம்முடையது.