காஃப்மன், எர்விங் (1922–1982)

கனடாவில் பிறந்த சமூகவியலாளர். நேருக்கு நேர் சந்திக்கும் மனிதர்களின் நடத்தையைத் தனி ஆய்வுக்களமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர். 1949-51இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் தங்கி, ஒரு சிறு ஹோட்டலின் ஊழியர்களைக் கூர்ந்து கவனித்தார். சமையலறையில் இயல்பாகப் பேசித் திரிந்தவர்கள் சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்ததும் வேறு ஆட்களாகத் தெரிந்தார்கள். அந்தத் தோற்றத்தை ஒருவரால் தனியே காப்பாற்ற முடியாது. கூட வேலை செய்பவர்கள் காட்டிக்கொடுக்கக் கூடாது, விருந்தினரும் சிறு தடுமாற்றங்களைக் கண்டும் காணாமல் விட வேண்டும். 1956இல் வெளியான அவருடைய முதல் நூல் இதை நாடக மேடையின் சொற்களால் விளக்கியது. மனிதரின் போலித்தனத்தைச் சாடும் நூலாக அதைப் படிப்பது பிழை. ஒருவர் மானத்தை மற்றவர் காப்பதே அதன் உயிர்நாடி. தெருவில் அந்நியர்கள் ஒரு கணம் பார்த்துப் பார்வையை விலக்கிக்கொள்வதையும் ஒத்துழைப்பின் ஒரு வடிவமாக 1963இல் எழுதினார்.