புதுசா எஸ்.யூ.வி வாங்கியிருக்கீங்களா? ரோட்டில் இறங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஷோரூமில் சாவி வாங்கியாச்சு. கோயிலில் மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து பூஜையும் முடிஞ்சாச்சு. அடுத்த சனி, ஞாயிறே குடும்பத்தோடு ஊட்டியோ கொடைக்கானலோ போகலாம்னு பிளான். ஆனால், வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலின் பிளாஸ்டிக் கவரைக் கூட இன்னும் பிரிக்கலையா? அப்போ இந்தச் செய்தி உங்களுக்குத்தான்.

ஹேட்ச்பேக், செடான் ஓட்டிப் பழகியவர்கள் எஸ்.யூ.வி-யில் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, "ரோடு நல்லா தெரியுது" என்பதுதான். அந்த உயரம் ஒரு தைரியத்தைக் கொடுக்கும். அதே உயரம்தான் வளைவில், பிரேக்கில், வெள்ள நீரில், வீட்டு வாசலில் நம்மை ஏமாற்றவும் செய்யும். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் 1,000 கி.மீ: அவசரம் வேண்டாம்

புது எஞ்சினின் உள்பாகங்கள் ஒன்றோடு ஒன்று உரசிப் பழக கொஞ்ச காலம் எடுக்கும். புது பிரேக் பேடும் டயரும் கூட அப்படித்தான். முழுப் பிடிமானம் முதல் நாளிலேயே கிடைத்துவிடாது. எனவே, பொதுவாக முதல் 1,000 கி.மீ வரை:

• ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தாதீங்க.
• ஹைவேயில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகாமல், வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஓட்டுங்க.
• வேறு வண்டியைக் கட்டி இழுக்காதீங்க.
• அவசியமில்லாமல் திடீர் பிரேக் போடாதீங்க.

உங்கள் மாடலுக்கு எத்தனை கி.மீ என்பது மேனுவலில் இருக்கும். முதல் இலவச சர்வீஸ் பல நிறுவனங்களில் 1,000 கி.மீ அல்லது ஒரு மாதம், இதில் எது முதலில் வருதோ அப்போது. "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்று தள்ளிப் போட வேண்டாம். சர்வீஸைத் தவறவிட்டால் பின்னால் வாரன்டி கேட்கும்போது சிக்கல் வரலாம்.

வளைவில் ஏன் கவனம்?

தரையிலிருந்து உயரமாக இருக்கும் வண்டியின் எடை மையமும் உயரத்தில் இருக்கும். அதனால், அதே வேகத்தில் அதே வளைவில் திரும்பும்போது தாழ்வான காரை விட எஸ்.யூ.வி அதிகம் சாயும். இன்றைய வண்டிகளில் உள்ள இ.எஸ்.சி எனும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வண்டி சறுக்காமல் இருக்க உதவும். ஆனால், அளவுக்கு மீறிய வேகத்தை அதனாலும் சமாளிக்க முடியாது.

நாயோ மாடோ குறுக்கே வந்தால் பலரும் செய்யும் தவறு, ஸ்டீயரிங்கைப் படாரென்று ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்புவது. உயரமான வண்டி உருள்வதற்கு இதுவே போதும். முதல் வேலை, நேராகப் பிடித்தபடி பிரேக்கை முழு பலத்தோடு அழுத்துவது. அப்போது பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துடாதீங்க. அது ஏ.பி.எஸ் வேலை செய்வதன் அடையாளம்.

கேரியரில் எவ்வளவு ஏற்றலாம்?

மேலே மூட்டை ஏற ஏற எடை மையமும் மேலே போகும். பல மாடல்களில் கூரைக்கான வரம்பு, கேரியரின் எடையையும் சேர்த்து 100 கிலோவுக்குள்தான். கனமான பைகளை உள்ளே, தரையோடு தரையாக வைங்க. துணிமணி போன்ற லேசான பொருட்களை மட்டும் மேலே கட்டுங்க.

"ஃபோர் வீல் டிரைவ்" இருந்தால் சீக்கிரம் நிற்குமா?

நிற்காது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போவது, சேற்றிலும் மணலிலும் வண்டி கிளம்ப உதவும். பிரேக் எல்லா கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் போகிறது. ஈரச் சாலையில் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரும் வேகமும்தான்.

ஒரு சின்ன கணக்கு. 90 கி.மீ வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் போகும். அதாவது, ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருக்கும். 60 கி.மீ வேகத்தோடு ஒப்பிட்டால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமும் 90-ல் 2.25 மடங்கு. உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேகம் குறைவாக இருப்பது போலத் தோன்றும். அதனால் கண்ணை நம்பாமல் மீட்டரைப் பாருங்க.

இன்னொரு விஷயம். தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் 4 ஹை, 4 லோ வசதி உள்ள வண்டியா? காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டினால் கியர் பாகங்கள் பழுதாகும்.

மலை இறங்கும்போது...

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மிகவும் செங்குத்தான இறக்கம். தொடர் விபத்துகளால் வெளியூர் வாகனங்கள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு கொண்டு வரப்பட்டது. அங்கே வழிநெடுக நினைவூட்டப்படுவது ஒரே விஷயம்தான்: முதல், இரண்டாம் கியரில் இறங்குங்க.

காரணம் எளிது. ஆள் நிறைந்த எஸ்.யூ.வி இரண்டு டன்னைத் தாண்டலாம். அத்தனை எடையையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கினால் பிரேக் கொதித்துவிடும். ஒரு கட்டத்தில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

• ஏறும்போது என்ன கியரோ, இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர்.
• ஆட்டோமேட்டிக் என்றால் டி-யிலேயே விட்டுவிடாமல் மேனுவல் மோடு அல்லது எல் போடுங்க.
• எலெக்ட்ரிக் வண்டியில் ரீஜென் அளவைக் கூட்டுங்க.
• பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கவே இறங்காதீங்க.
• கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் ஆறும் வரை காத்திருங்க. சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
• எதிரே மேலேறி வரும் வண்டிக்கு வழி விடுங்க. மலைப்பாதையில் முன்னுரிமை அவர்களுக்குத்தான்.

வெள்ளத்தில் போகலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியது நினைவிருக்கும். அன்று தண்ணீரில் மாட்டிய கார்களில் எஸ்.யூ.வி-களும் உண்டு.

கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மி.மீ என்றால் 20 செ.மீ மட்டுமே. அது பள்ளம் மேட்டைத் தாண்டுவதற்கான இடைவெளி, தண்ணீரில் போகலாம் என்பதற்கான உத்தரவாதம் இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 30 செ.மீ இருந்தாலே சிறிய கார்களை அடித்துச் செல்லும். 60 செ.மீ என்றால் எஸ்.யூ.வி-யும் தப்பாது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பி வருவது மட்டுமே புத்திசாலித்தனம்.

தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீங்க! எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் தண்ணீரில் மோதி, உள்ளே இருக்கும் கம்பிகள் வளைந்து எஞ்சினே போய்விடும். அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு சாதாரண காப்பீட்டில் பணம் கிடைப்பது கடினம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாருங்க.

பின் சீட்டில் பெல்ட் தேவையா?

டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் உயிரிழந்தார். அவர் சென்றதும் சொகுசு எஸ்.யூ.வி-தான். பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை, இருவருமே இறந்தனர். முன் சீட்டில் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தனர்.

2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் பாரத் என்கேப் மோதல் சோதனை நடைமுறையில் உள்ளது. "நம்ம வண்டி 5 ஸ்டார்" என்று பெருமைப்படலாம். ஆனால், அந்த ஸ்டார் எல்லாம் சோதனையில் பொம்மைகளுக்குப் பெல்ட் போட்டு வாங்கியது என்பதை மறக்கக் கூடாது.

பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றாலும் அதே அபராதம். குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது மிக ஆபத்து. விரியும் ஏர்பேக்குக்கும் பெரியவரின் உடலுக்கும் நடுவில் குழந்தை சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. பின் சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும். அதில் மாட்டுங்க.

வாசலில் ஒரு சுற்று

உயரமான பானெட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடும் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னாலும் அதே கதைதான். கேமரா இருந்தாலும் அதன் மேல் சேறோ மழைத்துளியோ படிந்திருந்தால் பயனில்லை. எனவே, ஏறும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வாங்க. வீட்டுக் குழந்தைகள் யாராவது ஒருவர் கையைப் பிடித்திருந்தால் மட்டுமே வண்டியை எடுங்க. பத்து நொடி வேலைதான்.

இரும்பு பம்பர் வேண்டாம்

முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டினால் கெத்தாக இருக்கலாம். ஆனால், மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்கும்படி வடிவமைத்த முன்பகுதியை அது வேலை செய்ய விடாது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதும் பாதிக்கப்படலாம். இந்த பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதேபோல, சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும்படியான சீட் கவர் போடாதீங்க.

டயர்: மாதம் ஒருமுறை

சரியான காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் அருகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். முழு ஆட்களோடு, சாமான்களோடு போகும்போது தனி அளவு கொடுத்திருப்பார்கள். டயர் சூடாக இல்லாதபோது, அதாவது காலையில் கிளம்பும் முன் பார்ப்பது நல்லது. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். நைட்ரஜனா சாதாரண காற்றா என்பதை விட, அளவு சரியா இருக்கா என்பதே முக்கியம். டயரின் பள்ளம் 1.6 மி.மீ-க்குக் கீழே தேய்ந்துவிட்டால் சட்டப்படியும் அது ஓட்டத் தகுதியில்லாத டயர்.

டீசல் வண்டியா? இதைக் கவனிங்க

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசல் எஸ்.யூ.வி-களில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கும். சேரும் கரியை அது அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நல்ல சூடு வேண்டும். தினமும் பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட் என்று இரண்டு கி.மீ மட்டுமே ஓட்டினால் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால், மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் சிறிது நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்க. கண்டுகொள்ளாமல் விட்டால் செலவு பெரிதாகும்.

சில வண்டிகளில் ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். அதற்குத் தனி மூடி உண்டு. தவறிப் போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணுங்க.

டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால்?

• சிவப்பு: ஆயில் அழுத்தம், எஞ்சின் சூடு, பிரேக் தொடர்பானவை. பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்துங்க. "வீடு வரைக்கும் ஓட்டிடலாம்" என்பது வேண்டாம்.
• மஞ்சள்: மெதுவாக ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டணும்.
• எஞ்சின் கொதித்தால், சூடு ஆறும் முன் கூலண்ட் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நீண்ட பயணத்துக்கு முன் 5 நிமிடம்

1. ஐந்து டயர்களிலும் காற்று
2. ஆயில், கூலண்ட், பிரேக் திரவம், வைப்பர் தண்ணீர்
3. முன், பின் விளக்குகள், பிரேக் லைட்
4. ஜாக்கி, ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி
5. எல்லோருக்கும் பெல்ட்

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், அந்த மேனுவலின் கவரைப் பிரித்து அரைமணி நேரம் புரட்டிப் பாருங்க. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டி. அதில் உட்காரப் போவது உங்கள் குடும்பம்!